பிடி அரிசிப் பானை: மருத்துவக் காப்பீடு எப்படி இயங்குகிறது?

உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் போட்டு வைப்பது நம் ஊர்ப் பெண்களின் பழைய வழக்கம். வாரக் கடைசியில் யாராவது வந்து வீடு வீடாக அதை வாங்கிப் போவார்கள். அன்னதானத்துக்கோ ஆதரவில்லாத ஒரு குடும்பத்துக்கோ அது போய்ச் சேரும். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் சோறு பற்றாமல் போனதில்லை. நூறு வீட்டுப் பிடி சேர்ந்தாலோ ஓர் அண்டாவே நிறைந்துவிடும். மருத்துவக் காப்பீடு நடப்பதும் இந்தக் கணக்கில்தான்.

தாம்பரத்தை அடுத்த செலையூரில் ஒரு தெரு, அதில் நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீடும் தினமும் ஒரு பிடியைப் பொதுப் பானையில் போடுகின்றன. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ, அந்த வீட்டுக்கு அன்று பொதுப் பானையிலிருந்து சாப்பாடு. பிடி அரிசிதான் பிரீமியம், பானையை வைத்திருப்பது காப்பீட்டு நிறுவனம். அடுப்பு எரியாத நாள் என்பது நாம் ஆஸ்பத்திரியில் படுக்கும் நாள். பானையைக் காக்க, கணக்கு எழுத, வீடு வீடாகப் போய் வாங்கி வர ஆள் வேண்டும். அவர்கள் கூலியும் அதே பானையிலிருந்துதான் போகிறது. ஏஜென்ட் கமிஷன், அலுவலகச் செலவு, லாபம் எல்லாம் அதில் அடக்கம்.

வயதானவர் இருக்கும் வீட்டில் அடுப்பு அடிக்கடி அணையும். அதனால் அந்த வீட்டிடம் இரண்டு பிடி, மூன்று பிடி கேட்பார்கள். மேற்குத் தாம்பரத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருவராக இருக்கும் பெரியவர்களுக்கு இது பெரிய பாரம். அண்மையில் மூன்று மாற்றங்கள் அவர்களுக்குச் சாதகமாக வந்திருக்கின்றன. 65 வயதைத் தாண்டினால் புதிதாகப் பாலிசி கிடைப்பதே அரிது என்றிருந்த நிலை 2024 ஏப்ரலில் தளர்ந்தது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் நிறுவனங்கள் முதலில் தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. தனிநபர் மருத்துவ பாலிசிகள் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது.

இனி காத்திருப்புக் காலம். ஒரு பிடியும் போடாதவர் பசித்த அன்று இலையோடு வந்து உட்கார்ந்தால், தினமும் போட்டு வந்தவர் என்ன நினைப்பார்? அதற்காகத்தான் முதல் 30 நாள் எந்த நோய்க்கும் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் அன்றே உண்டு. கண்புரை, குடலிறக்கம், மூலம், மூட்டு மாற்று போன்ற தள்ளிப்போடக்கூடிய சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு முன்பு நான்கு ஆண்டுகள் வரை காக்க வைத்தார்கள். 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இந்த ஒரு காரணத்துக்காகவே சொல்கிறேன்: மூட்டு வலி தொடங்கிய பிறகு பாலிசி தேடாதீர்கள். நாற்பது வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே பிடி அரிசியைப் போடத் தொடங்கிவிட வேண்டும். ஓ.எம்.ஆர். கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளையின் குரூப் பாலிசியில் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். வேலை போகும் அன்றே அந்தப் பானையும் போய்விடும்.

இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். சர்க்கரை இருக்கிறதா, எத்தனை வருடமாக, என்ன மாத்திரை என்று படிவத்தில் கேட்கும் இடத்தில், "அதெல்லாம் வேண்டாம் சார், நான் பார்த்துக்கிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால், படிவத்தை வாங்கி உங்கள் கையாலேயே நிரப்புங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் பணத்தை மறுக்க முடியாது. அதற்கு முன்னால் மறுக்கலாம்.

உண்மையை எழுதியவருக்கும் ஓர் ஆபத்து உண்டு. அது இருப்பது ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டில். எங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவரை நெஞ்சு வலி என்று நள்ளிரவில் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே டியூட்டி டாக்டர் கேட்டார்: "பி.பி. இருக்கா?" மருமகன் பதற்றத்தில், "இருக்கு டாக்டர், ரொம்ப வருஷமா" என்றார். "எத்தனை வருஷம்?" "ஒரு பத்து வருஷம் இருக்கும்." அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பெரியவருக்கு ரத்த அழுத்தம் தெரிய வந்ததோ அதற்கும் பிறகு. மறுநாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கேள்வி வந்தது: பத்து ஆண்டாக இருந்த நோயைப் படிவத்தில் ஏன் சொல்லவில்லை? கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, நின்றுபோனது. பெரியவரின் மனைவி பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். முதன்முதலில் பி.பி. மாத்திரை எழுதிய மருந்துச் சீட்டு தேதியோடு அதில் இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் பணம் வந்தது. பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக வைத்திருங்கள். நோயாளியோடு போகிறவருக்குச் சரியாகத் தெரியாவிட்டால் "தெரியாது, சீட்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். வாய் தவறிய ஒரு வார்த்தையால் நியாயமான குடும்பங்கள் அலைவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது அறை வாடகை. பிரீமியத்தைப் பார்ப்பார்கள், காப்பீட்டுத் தொகையைப் பார்ப்பார்கள். இந்த ஒரு வரியைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பொதுப் பானையில் ஒரு விதி இருக்கிறது என்று வையுங்கள்: இன்ன அளவு இலைக்குத்தான் சோறு. நீங்கள் இரட்டிப்பு அளவில் இலை போட்டால், இலைக்கான காசு மட்டும் கூடுதலாகும் என்று நினைப்பீர்கள். பரிமாறுகிறவரோ சோறு, குழம்பு, கூட்டு எல்லாவற்றிலும் பாதியை உங்கள் கணக்கில் எழுதிவிடுவார். காப்பீட்டில் இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உங்கள் பாலிசி 3 லட்சம். அறை வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரை. நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை, ஐந்து நாள். பில் மொத்தம் 2 லட்சம். அதில் அறை 30,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் 1,20,000, மருந்து 40,000, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 10,000. அறைக்கு 15,000தான் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் புரியும். ஆனால் அனுமதித்த வாடகையைப் போல இரண்டு மடங்கு அறையில் இருந்ததால், டாக்டர் கட்டணம் முதலான 1,20,000-லும் பாதிதான் கிடைக்கும்: 60,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருப்பதால் அந்த 50,000 முழுதாக வரும். ஆக நிறுவனம் தருவது 1,25,000. உங்கள் கையிலிருந்து 75,000. அறைக்காக நீங்கள் நினைத்த கூடுதல் செலவு 15,000தான்; மீதி 60,000 அந்த ஒரு வரி தின்ற பணம். ஐ.சி.யு.வுக்கு இந்த விகிதாசார வெட்டு கிடையாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

ஆகவே பாலிசியை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பின்னோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் தெருவிலிருந்து இரவு இரண்டு மணிக்கு உண்மையில் எங்கே போவீர்கள்? மேற்குத் தாம்பரத்துக்காரர் இந்து மிஷன் மருத்துவமனையைச் சொல்வார். குரோம்பேட்டைக்காரர் ரேலாவைச் சொல்லலாம். மேடவாக்கம் பக்கம் என்றால் பெரும்பாக்கம் கிளெனீகிள்ஸ் அல்லது பள்ளிக்கரணை காமாட்சி மருத்துவமனை. இரண்டு ஆஸ்பத்திரிகளை முடிவு செய்துகொண்டு, ஒரு நாள் பகலில் அங்குள்ள இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்கே நேரில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்ன நிறுவனத்துக்கு இங்கே இப்போது கேஷ்லெஸ் உண்டா? தனி அறைக்கும் ஷேரிங் அறைக்கும் ஒரு நாள் வாடகை என்ன? வாடகை வரம்பே இல்லாத பாலிசியோ, "எந்தத் தனி அறையும்" என்று எழுதிய பாலிசியோ கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தில் கிடைத்தால் அதை எடுங்கள். எல்லா நிறுவனமும் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுவான பாலிசி 2020 ஏப்ரலில் வந்தது. விலை குறைவு, விதிகள் தெளிவு. ஆனால் அதில் அறைக்கு 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் நம் பங்கு. இந்த வரம்புக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவீர்கள் என்றால் அது நல்ல பாலிசி.

நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானாலும், நாம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். பின்கோடோ வண்டலூர் வரை 600-ல் தொடங்குகிறது. கூடுவாஞ்சேரி போனால் 603. பின்கோடைப் பார்த்து ஊர்களை மண்டலமாகப் பிரித்து விலை வைக்கும் நிறுவனங்கள் உண்டு. குறைந்த விலை மண்டலத்தில் எடுத்த பாலிசியோடு சென்னை ஆஸ்பத்திரியில் படுத்தால், அவற்றில் சில பில்லில் ஒரு பங்கை உங்களையே கட்டச் சொல்லும். மறைமலைநகர், கூடுவாஞ்சேரிப் பக்கம் இருப்பவர்கள் பெரிய சிகிச்சை என்றால் குரோம்பேட்டைக்கோ அதைத் தாண்டியோதான் போகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் இந்த மண்டலக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

கேஷ்லெஸ் நடக்கும் விதம் எளிது. இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அட்டையையும் ஆதாரையும் கொடுத்தால், டாக்டரின் குறிப்போடு விண்ணப்பம் நிறுவனத்துக்கோ அதன் சார்பில் வேலை பார்க்கும் டி.பி.ஏ.வுக்கோ போகும். டி.பி.ஏ. என்பவர் பானையின் சாவி வைத்திருப்பவர். அரிசி அவருடையது அல்ல. முதல் அனுமதி ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் அன்று இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்ததால் கூடுதல் அறை வாடகை விழுந்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். காலையில் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லி, கான்யுலா எடுத்து, வேட்டி மாற்றி, மாத்திரைப் பையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கும் காட்சி இன்னும் மறையவில்லை. டெஸ்க்கில் இந்த மூன்று மணி நேர விதியைச் சொல்லிக் கேளுங்கள். ஆஸ்பத்திரி பில்லை எத்தனை மணிக்கு அனுப்பியது என்றும் கேளுங்கள். தாமதம் பல முறை அங்கேதான் தொடங்குகிறது. கையுறை, முகக்கவசம் போன்ற சில்லறைப் பொருட்களுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. அதற்கெனத் தனிச் சேர்க்கை (ஆட்-ஆன்) உண்டு. நீண்ட நாள் படுக்கையில் அது உதவும்.

இப்போது ஆம்புலன்ஸ். பானையில் சோறு இருப்பது ஒன்று. அதை உங்கள் வீட்டு வாசலுக்குச் சுமந்து வர ஆள் இருப்பது இன்னொன்று. பாலிசியில் "ஆம்புலன்ஸ் கவர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, போன் செய்தால் நிறுவனம் வண்டி அனுப்பும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் அது வண்டிக்கு நீங்கள் கொடுத்த வாடகையைத் திருப்பித் தருவது மட்டுமே. ஆரோக்ய சஞ்சீவனியில் ஒரு முறை சேர்க்கைக்கு 2,000 ரூபாய் வரை. அதுவும் உள்நோயாளியாகச் சேர்ந்து, அந்த கிளெய்ம் ஏற்கப்பட்டால்தான். அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பொதுவாகக் கிடைக்காது. ரசீது வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வென்டிலேட்டர் வண்டியில் மாற்றும்போதுதான் பெரும்பணம் போகிறது. ஆகவே பாலிசியில் பார்க்க வேண்டிய வரி: ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாற்றும் பயணத்துக்கும் உண்டா, தொகை வரம்பு எவ்வளவு? ஏர் ஆம்புலன்ஸ் சேர்க்கை இந்தப் பகுதியில் இருப்பவருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தை அறை வாடகை வரம்பு நீக்குவதில் போடலாம்.

வண்டிக்கு முதல் அழைப்பு 108. தமிழகத்தில் 2008 செப்டம்பர் 15 முதல் ஓடுகிறது. கட்டணம் இல்லை, ஏழை பணக்காரர் பேதம் இல்லை. மருத்துவ உதவியாளரும் ஆக்சிஜனும் வண்டியிலேயே இருக்கும். அழைக்கும்போது தெரு பெயர் மட்டும் சொன்னால் போதாது. நம் பகுதியில் ஒரே பெயரில் எத்தனை பாரதி தெரு, எத்தனை காந்தி தெரு! நகர் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளி, ரயில் பாதைக்குக் கிழக்கா மேற்கா என்று சொல்ல வேண்டும். தாம்பரத்தில் தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளக்கிறது. வரைபடத்தில் அடுத்த தெருவில் தெரியும் ஆஸ்பத்திரிக்கு மேம்பாலம் ஏறியோ சுரங்கப்பாதை இறங்கியோ போக வேண்டியிருக்கும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்த பிறகு, பண்டிகைக்கு முந்தைய மாலைகளில் பெருங்களத்தூர் முதல் ஊரப்பாக்கம் வரை கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலை எப்படி நிற்கும் என்பது அங்கே சிக்கியவர்களுக்குத் தெரியும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்றாவது தண்டவாளத்துக்கு உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்தபோது அங்கே படகில்தான் ஆட்களை மீட்டார்கள். அந்த நாட்களில் எந்த பாலிசியின் ஆம்புலன்ஸ் வரியும் பயன்படவில்லை. டயாலிசிஸில் இருப்பவரையும் வீட்டில் ஆக்சிஜனில் இருப்பவரையும் கனமழை எச்சரிக்கை வந்த அன்றே மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்தப் பயணத்துக்குக் காப்பீடு பணம் தராது. கைக்காசில்தான் போக வேண்டும்.

சாலை விபத்துக்கு அரசின் தனி ஏற்பாடு இருக்கிறது. இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம் இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, 1 லட்சம் ரூபாய் வரை என்று ஆரம்பித்தது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி அரசுடையதோ தனியாருடையதோ, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரோ, காப்பீடு உள்ளவரோ இல்லாதவரோ, எல்லோருக்கும் உண்டு. ரோட்டில் கிடப்பவரைத் தூக்கும்போது "பணம் யார் கட்டுவது" என்று தயங்க வேண்டியதில்லை.

பிடி அரிசி போட முடியாத வீடுகளுக்கு அரசின் பானைகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். ஆனால் காத்திருப்புக் காலம் என்ற பேச்சே இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் கிடைக்கும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்களில் மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் நிறுவனம் கட்டும். பெற்றோர் உங்களைச் சார்ந்திருந்தால் அவர்களுக்கும் வழி உண்டு. அட்டை இருந்தும் பயன்படுத்தாமல், வட்டிக்கு வாங்கித் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுகிறவர்கள் அதிகம். மெப்ஸ் வாசலில் ஒரு தகவல் மேசை போட்டு இதைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக எனக்கு ஆசை.

இருக்கிற பாலிசி போதுமா என்று கேட்பவர்களுக்கு, சூப்பர் டாப்-அப்பைச் சொல்வேன். வீட்டுப் பானையில் இருக்கும் சோறு தீர்ந்த பிறகுதான் பெரிய அண்டாவைத் திறப்பார்கள். அதனால் அதற்குக் கேட்கும் பிடி சிறியது. 5 லட்சம் பாலிசி ஒன்றும், 5 லட்சத்துக்கு மேல் செலவானால் இன்னும் 20 லட்சம் தரும் சூப்பர் டாப்-அப் ஒன்றும் சேர்ந்தால், ஒரே 25 லட்சம் பாலிசியை விடப் பொதுவாக மலிவு. வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதுமான செலவைக் கூட்டிப் பார்க்கும். வாங்கும்போது "சூப்பர்" இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவனம் பிடிக்கவில்லை என்றால், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பாகவே வேறு நிறுவனத்துக்கு மாற விண்ணப்பித்துவிடுங்கள். காத்து முடித்த காலம் கூடவே வரும். புதிய பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க 30 நாள் உண்டு.

நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வைத்து வாதாடும் இடமும் அல்ல, பாலிசிதாரரே பேசலாம். மறுப்புக் கடிதம், பாலிசி நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய மருந்துச் சீட்டு இவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர் 50 லட்சம் ரூபாய் வரை வழங்கச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அதில் திருப்தி இல்லை என்றால் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.